கதவைத் திறக்குமுன்

தலைநகர் அக்ராவின் டூடு வண்டி நிலையத்திலிருந்து எங்கள் ஊர் க்பாண்டோவுக்குப் போகும் எந்த வண்டியும் ஜெபம் இல்லாமல் புறப்படாது. அதற்கென்றே அங்கே ஆட்கள் இருந்தார்கள். வெயிலில் வெளுத்த கோட்டு, அக்குளில் வேதப்புத்தகம், கட்டிப்போன தொண்டை. வண்டி நிரம்பி இன்ஜின் உறுமத் தொடங்கியதும் ஒருவர் படியில் ஏறி நின்று சக்கரங்களையும் பிரேக்கையும் டிரைவரின் கண்களையும் ஒவ்வொன்றாக ஆண்டவர் கையில் ஒப்படைப்பார். நாங்களும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரர்களுக்கே கேட்கும்படி ஆமென் போடுவோம். க்பெவே மலை வளைவில் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு அந்த ஆமென் ஏன் அவ்வளவு சத்தம் என்று தெரியும்.

ஊர் வந்து சேர்ந்ததும் யாரும் ஜெபிப்பதில்லை. கதவு திறக்கும். மூட்டைக்கும் சட்டிக்கும் அடிதடி நடக்கும். சற்று நேரத்தில் வண்டி காலியாகிவிடும்.

கெர்சோன் அட்ஸ்ராகுவின் வண்டியில் மட்டும் கதவு திறக்காது.

அது சாம்பல் நிற பென்ஸ் வேன். பக்கவாட்டுக் கதவைத் தள்ளித்தான் திறக்கவேண்டும். அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் கதவில் சாய்த்து, கண்டக்டர் அக்பெகோ நிற்பார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், டிரைவரைவிடப் பெரியவர். ஆனாலும் டிரைவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். கெர்சோன் இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்து, கண்ணை மூடாமலே ஆரம்பிப்பார்.

“ஆண்டவரே, வந்து சேர்ந்துட்டோம். அஃபியென்யாவுல மழை பெய்ஞ்சு புழுதியை அடக்குச்சு, அதுக்கு நன்றி. ஜுவாபோங் செக்போஸ்ட்ல அந்தப் போலீஸ்காரர் சிரிச்சுக்கிட்டே அனுப்பினாரு. காலையில அவர் வீட்டுல நல்லாச் சமைச்சுப் போட்டிருக்காங்க, அந்தச் சமையலுக்கு நன்றி. அசிகுமா முக்குல ஒரு ஆடு பாதி ரோட்டுல நின்னு யோசிச்சுச்சு. யோசிச்சுத் திரும்பிப் போச்சு. அந்த யோசனையை அதுக்குக் குடுத்ததுக்கு நன்றி. மூணாவது வரிசையில ஒரு குழந்தை பெக்கி வரைக்கும் அழுதுக்கிட்டே வந்துச்சு, அதனால எனக்குத் தூக்கம் வரல. அந்தத் தொண்டைக்கு நன்றி...”

“ஆட்டுக்கெல்லாம் நான் உக்காந்து கேக்கணுமா? என் மீன் நாறுது டிரைவரே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

“நாறுற மீனுக்கும் சேர்த்தே சொல்லிடறேன்மா, கொஞ்சம் பொறுத்துக்க.”

“சீக்கிரம் முடிங்க மாஸ்டர்,” என்பார் கதவடியிலிருந்து அக்பெகோ. “ஆண்டவருக்கு வேற வண்டியும் பாக்கவேண்டியிருக்கு.”

ஒருமுறை அவசரக்காரப் பையன் ஒருவன் ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தான். கால்சட்டை கொக்கியில் மாட்டிக்கொண்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கினான். “பாத்தீங்களா, நன்றி சொல்லாதவனை ஜன்னல்கூட விடமாட்டேங்குது,” என்றார் அக்பெகோ. கெர்சோன் தன் ஜெபத்தில் அந்தக் கொக்கிக்கும் ஒரு நன்றி சேர்த்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே ஜெபம் செய்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் முகத்தை இறுக்கிக்கொள்ளவேண்டும்.

எப்படித் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடிப்பார். கண்ணாடியில் எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். “ஏறினவங்க எல்லாரும் இறங்குறோம். ஒருத்தரும் குறையல.” நாங்கள் “அக்பே” என்போம். எங்கள் மொழியில் நன்றிக்கு அதுதான் சொல். அப்புறம்தான் கதவு.

இப்போது அந்தச் சாலையில் பெரிய குளிர்சாதன பஸ்கள் ஓடுகின்றன. ஏறும்போது டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கிறது, இறங்கும்போது எல்லோர் காதிலும் போன் இருக்கிறது. குறை சொல்லவில்லை, கால் நீட்டி உட்கார முடிகிறது. ஆனால் வண்டி நின்று, இன்ஜின் சத்தம் அடங்குகிற அந்த நொடியில் என் உடம்பு தானாக ஒரு குரலுக்குக் காத்திருக்கிறது. கெர்சோன் அண்ணன் வண்டி ஓட்டுவதை விட்டு வெகுநாளாகிறது. வாக்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். கோயில் பாடகர் குழுவில் இன்னும் அடிக்குரலில் பாடுகிறாராம். அந்த ஜெபத்தை அவர் ஒருமுறை இழந்துவிட்டார். ஒரு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அது அவர் வாயில் இல்லை. அது போனபோதும் திரும்பி வந்தபோதும் நான் அந்த வண்டிக்குள் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அக்ராவில் லெகோன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா க்பாண்டோவை அடுத்த டோர்கோர் ஏரிக்கரையில் மீன் பிடிப்பவர். அம்மா அதைப் புகைபோட்டு விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதல். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கெர்சோன் வண்டியில்தான் அம்மா வரச் சொல்வார். அக்பெகோவுக்கு என் பெயர் எஞோனம் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“ஏ யுனிவர்சிட்டி! அந்தப் பையை மடியில வை. அறிவுக்கெல்லாம் தனி சீட்டு கிடையாது.”

அதிம்போக்குவில், அடோமி பாலத்துக்கு அக்ரா பக்கம், எல்லா வண்டிகளும் நிற்கும். ஜன்னலுக்கு ஜன்னல் அபோலோ என்னும் சோளமாவு அப்பமும் பொரித்த இறாலும் வந்து மோதும். ஒருமுறை அங்கே வண்டியில் சாய்ந்து நின்று கெர்சோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

“சின்ன வயசுல வள்ளிக்கிழங்கு லாரியில கண்டக்டரா இருந்தேன்,” என்றார். “ந்க்வாண்டாவுலருந்து மூட்டை மேல மூட்டை, அதுக்கு மேல ஜனம். புறப்படும்போது எல்லாரும் அழுது ஜெபிச்சாங்க. வழியில இறக்கத்துல பிரேக் போயிருச்சு. எப்படி நின்னுச்சுன்னு இன்னிக்கும் டிரைவருக்கே தெரியாது. ஒருவழியா சந்தைக்கு வந்து சேர்ந்தோம். வந்ததும் அவங்கவங்க மூட்டையைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. எனக்கோ சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். யார்கிட்டயாவது சொல்லணும். திரும்பிப் பாத்தா ஒருத்தர் இல்ல. லாரி டயரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாக்கறதுக்கு எவ்வளவு அசிங்கம்! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், என் கைக்குன்னு ஒரு வண்டி வந்தா, எவனையும் ஓட விடமாட்டேன்னு.”

எனக்கு அப்போது எதையும் கேட்டுப் பார்க்கிற வயது. வகுப்பில் நிகழ்தகவு நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலான வண்டிகள் எப்படியும் போய்ச் சேர்கின்றன. அதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

“போய்ச் சேராத வண்டியில இருந்தவங்க என்ன சொல்லுவாங்க, அண்ணே?”

அவர் இறாலின் தலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு யோசித்தார். “அதை அவங்ககிட்டதான் கேக்கணும். நான் வந்து சேர்ந்தவன். எனக்குத் தெரிஞ்சது இந்தப் பக்கம் மட்டும்தான்.”

பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் அவர் அதைச் சொன்னவிதத்தில் பாசாங்கு இல்லாததால் மேலே கேட்கவில்லை.

புகார்களுக்கும் குறைவில்லை. க்பாண்டோ நிலையத்தின் டிரைவர் சங்கத் தலைவர் ஒருநாள் எங்கள் கண்முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். “உன்னை வண்டி ஓட்டத்தான் சொன்னோம், சபை நடத்தச் சொல்லல.”

“ரெண்டே நிமிஷம்தானே சேர்மன்.”

“ரெண்டு நிமிஷமா! போன வாரம் ஒரு அம்மா வந்து நின்னாங்க. உன் ஜெபத்துல அவங்க பனிக்கட்டி முழுக்க உருகிப்போச்சாம்.”

“அடடா,” என்றார் கெர்சோன், உண்மையாகவே வருத்தத்துடன். “அடுத்த தடவை முதல்லயே சொல்லச் சொல்லுங்க. பனிக்கட்டி இருந்தா ஆட்டை விட்டுடறேன்.”

இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, அந்த ஜூலை வரை.

அன்று மழை. டூடுவில் வண்டி நிரம்ப வெகுநேரமாயிற்று. எனக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தாள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் பார்த்த முகம், பெயர் டெலாலி. பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காக இருந்துவிட்டுக் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறாள் என்று முன்சீட்டு அம்மா காதைக் கடித்தார். “இனிமே செய்ய ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களாம், பாவம்.” எங்கள் பெண்கள் குழந்தையை முதுகில்தான் கட்டுவார்கள். அவள் மடியில் வைத்திருந்தாள், முகம் தெரியாதபடி துணியால் மூடி. புறப்படும்போது அதன் கால் மட்டும் வெளியே தெரிந்தது. விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

அஃபியென்யா தாண்டியதும் அவள் அந்தக் காலையும் துணிக்குள் இழுத்துவிட்டாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைச்சாரலுக்காக என்று நினைத்தேன்.

அதிம்போக்குவில் எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவள் எதுவும் வாங்கவில்லை. நான் நீட்டிய அபோலோவைக் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டாள்.

“பிள்ளைக்குப் பால் குடும்மா,” என்றார் பின்சீட்டிலிருந்த அக்குவி அம்மா, ஊர்ச் சந்தையில் மீன் விற்பவர். “ரொம்ப நேரமாத் தூங்குது.”

“தூங்கட்டும்மா.”

“நான் கொஞ்சம் வச்சுக்கட்டுமா? உனக்குக் கை கடுக்கும்.”

“கடுக்கல.”

பாலத்தின் மேல் வண்டி போகும்போது எல்லோரும் வழக்கம்போல ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார்கள். அவள் நேரே முன்னால், டிரைவரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசிகுமா, பெக்கி, க்பெவே வளைவு, வாக்போ என்று ஊர் வரும்வரை அவள் தலையைத் திருப்பவே இல்லை.

க்பாண்டோ வந்தது. மழை விட்டிருந்தது. இன்ஜின் அணைந்தது. அக்பெகோ கதவில் முதுகைச் சாய்த்தார். கெர்சோன் மழைக்கு நன்றி சொன்னார். வைப்பர் இடையில் நின்றுபோகாததற்கு நன்றி சொன்னார். க்பெவே வளைவில் எதிரே வந்த மரலாரி ஒதுங்கி வழிவிட்டதற்கும், அதை ஓட்டியவனின் தாயாருக்கும் நன்றி சொன்னார். யாரோ சிரித்தார்கள். பிறகு அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

“ஏறினவங்க எல்லாரும் இறங்குறோம். ஒருத்தரும்...”

“அதைச் சொல்லாதீங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. இன்ஜின் அணைந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“என்னம்மா?” என்றார் கெர்சோன்.

“ஒருத்தன் குறையறான்,” என்றாள் டெலாலி.

அக்குவி அம்மா எழுந்து, குனிந்து, துணியின் நுனியை விலக்கிப் பார்த்தார். உடனே தன் வாயைப் பொத்திக்கொண்டார். “எப்போம்மா?”

“பாலத்துக்கு முன்னாலயே.”

“ஐயோ மகளே, ஏன் சொல்லாம இருந்த?”

“சொல்லியிருந்தா இறக்கி விட்டிருப்பீங்க.”

அது உண்மைதான். பயணிகள் வண்டியில் பிணத்தை ஏற்றக்கூடாது என்பது எங்கள் சாலைகளில் சட்டத்தைவிடப் பெரிய வழக்கம். தெரிந்திருந்தால் எங்களில் பாதிப் பேர் அந்த மழையில் இறங்கி நின்றிருப்போம். மீதிப் பேர் அவளை இறக்கச் சொல்லியிருப்போம். நான் எந்தப் பாதியில் இருந்திருப்பேன் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அக்பெகோ கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கதவைத் தானே தள்ளித் திறந்தார். ஒருவரும் இறங்கவில்லை.

“பேரு என்னம்மா?” என்று கெர்சோன் கேட்டார். திரும்பவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை.

“செலோம்.”

“ஆண்டவரே, செலோமுக்காக...” என்று ஆரம்பித்தார். வாய் திறந்தபடி இருந்தது. அடுத்த சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பினார். “டோர்கோர்தானே?”

“ஆமா.”

“கதவை மூடு, அக்பெகோ.”

ஊரைத் தாண்டி ஏரிக்கரை வரை அந்த வண்டி போனது, ஏறிய எல்லோரோடும். இறங்கவேண்டியவர்கள்கூட இறங்கவில்லை. அவள் கணவன் வலையோடு ஏரிக்குள் போயிருந்தான். கரையிலிருந்த பெண்கள் அவளை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய அழுகுரல் எழுந்தபோது கெர்சோன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைய ஜெபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் சாவுத் தீட்டுப் போக அக்பெகோ எலுமிச்சையும் உப்புநீரும் போட்டு இருக்கைகளைக் கழுவினார். இது சபைக்காரர்கள் செய்கிற வேலையா என்று போதகர் கேட்டதற்கு, “பயணிக நம்பணுமேங்க ஐயா,” என்றாராம். கொஞ்ச நாள் ஆட்கள் அந்த வண்டியில் ஏறத் தயங்கினார்கள். அப்புறம் மறந்துபோனார்கள். கெர்சோன் மறக்கவில்லை.

அக்டோபரில் நான் லெகோனுக்குத் திரும்பியபோது அவர் வண்டியில்தான் போனேன். டூடுவில் நின்றதும், இன்ஜின் அடங்குவதற்குள், “திற, அக்பெகோ,” என்றார். கதவு திறந்தது. எல்லோரும் இறங்கினோம். எங்களுக்கு அதுதானே வேண்டியிருந்தது? ஆனால் மூட்டையை எடுத்துக்கொண்ட பிறகும் சிலர் எதையோ விட்டுவிட்டு வந்தவர்கள்போல அங்கேயே நின்றார்கள். பழைய பயணி ஒருவர் “நல்லதாப் போச்சு, நேரம் மிச்சம்,” என்றார். அந்த மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியையே ஒருமுறை சுற்றி வந்தார்.

எல்லோரையும்விட மனம் நொந்துபோனவர் அக்பெகோதான். என் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீதான் படிச்ச பொண்ணு. மாஸ்டர்கிட்ட ஏதாவது சொல்லேன்.”

“நான் என்ன சொல்றது, அண்ணே?”

“பேசறதே இல்ல. முன்னெல்லாம் வண்டி பள்ளத்துல விழுந்தா, ஏறி வந்ததுக்குச் சிரிப்பாரு. ‘பாத்தியா அக்பெகோ, சாயங்காலம் இதைச் சொல்லணும்’னு ஞாபகம் வச்சுப்பாரு. இப்போ பள்ளம் வெறும் பள்ளம்தான். விழறோம், ஏறறோம். எனக்கு முதுகுதான் வலிக்குது.”

“நீங்கதான் எப்பவும் சீக்கிரம் முடிங்கன்னு சொல்லுவீங்க.”

“சொல்லுவேன். அது என் வேலை. அவர் நிறுத்தக்கூடாது, அது அவர் வேலை.”

நான் கெர்சோனிடம் போனேன். டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: “நீ ஒருநாள் ஒண்ணு கேட்டியே, போய்ச் சேராதவங்க என்ன சொல்லுவாங்கன்னு.”

“அது சும்மா கேட்டதுண்ணே.”

“நல்ல கேள்விதான். அந்தப் பொண்ணு அவ்வளவு தூரம் வாயைத் திறக்காம வந்துச்சு. நான் ஒருத்தரும் குறையலன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். இத்தனை வருஷமா அப்படித்தான் சொல்லியிருக்கேன். யார் மடியில என்ன இருந்துச்சுன்னு பாக்காமலேயே.”

பல்கலைக்கழகத்தில் நான் மெல்ல மெல்ல வந்து நின்ற இடம் அதுதான்: நன்றி சொல்லக் காரணம் இல்லை, வந்து சேர்ந்தால் சேர்ந்தோம். அவர் என் பக்கத்துக்கு வந்துவிட்டார். எனக்குத் துணை கிடைத்துவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அங்கே நான் நின்றபோது அந்த இடம் அறிவாளியின் இடம்போல் இருந்தது. அவர் வந்து நின்றதும் அது எவ்வளவு குளிர்ந்த இடம் என்று தெரிந்தது.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் டூடுவில் கால் வைக்க இடமில்லை. வண்டி முழுக்கப் புதுத்துணி வாசனை. கூரைமேல் கோழிகள், அரிசி மூட்டை, யாரோ ஒருவருடைய சோபா. வாசலில் கோட்டுக்காரர் முன்னைவிட நீளமாக ஜெபித்துவிட்டு இறங்கினார். கதவு மூடப் போகும்போது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய காலி அலுமினியச் சட்டிகளோடு ஒரு பெண் வந்தாள். டெலாலி. அக்ராவுக்குப் புகைமீன் கொண்டுவந்து விற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று அம்மா சொல்லியிருந்தார். சட்டிகளைக் கூரைக்கு ஏற்றச் சொல்லிவிட்டு, டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கெர்சோன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

வழி முழுக்க வண்டியில் பாட்டும் கும்மாளமும்தான். அவர்கள் இருவர் மட்டும் பேசவில்லை. க்பாண்டோ வந்தது. இன்ஜின் அணைந்தது.

“திற, அக்பெகோ.”

கதவு பாதி திறந்தது.

“மூடுங்கண்ணே,” என்றாள் டெலாலி.

அக்பெகோ விழித்தார். “இதான்மா நிலையம்.”

“தெரியும். நான் இந்த ஊர்க்காரிதான். ஜெபம் இன்னும் ஆகலையே?”

“இப்போ அது இல்லம்மா,” என்றார் கெர்சோன். “விட்டுட்டேன்.”

“யாரைக் கேட்டு விட்டீங்க?”

பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கெர்சோன் இந்த முறை திரும்பி உட்கார்ந்தார்.

“உன் முன்னால அந்த வார்த்தையைச் சொல்லிட்டேன், தங்கச்சி. இந்த வாயாலதான் சொன்னேன். அப்புறம் அதே வாயை வச்சுக்கிட்டு எப்படி...”

“அன்னிக்கு டூடுவுல வேற வண்டியெல்லாம் நிறைஞ்சு கிளம்பிக்கிட்டே இருந்துச்சு,” என்றாள் அவள். “உங்க வண்டிதான் காலியா நின்னுச்சு. நேரமாகும்னு தெரிஞ்சேதான் ஏறினேன். ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று அவர் தலையை அசைத்தார்.

“அவன் வீடு வரைக்கும் தாங்கமாட்டான்னு எனக்குத் தெரியும். மத்த வண்டின்னா கதவு திறந்ததும் எல்லாரும் ஓடிடுவாங்க. நான் மட்டும் அவனைக் கையில வச்சுக்கிட்டு நிலையத்துல நிப்பேன். உங்க வண்டியில யாரும் ஓட முடியாது. பிடிக்குதோ பிடிக்கலையோ, கொஞ்ச நேரம் உக்காந்துதான் ஆகணும். அவன்கூட நாலு பேரு கொஞ்ச நேரம் உக்காரணும்னு நெனச்சேன். உக்காந்தீங்க. டோர்கோர் வரைக்கும் வந்தீங்க. அந்த வார்த்தையைத்தான் சொல்லாதீங்கன்னேன். ஜெபத்தை விடச் சொன்னேனா?”

கூரைமேல் ஒரு கோழி கொக்கரித்தது. அக்பெகோ மெல்லக் கதவை இழுத்து மூடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சாய்த்தார்.

“ஆரம்பிங்க மாஸ்டர்,” என்றார். “அவசரமே இல்ல.”

கெர்சோன் முன்னால் திரும்பினார். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்தார்.

“ஆண்டவரே,” என்றார். “வந்து... வந்து சேர்ந்துட்டோம். கூரையில ஒரு சோபா வருது. கயிறு அறுந்துபோகலை, நன்றி. அதிம்போக்குல இறால் நல்லா இருந்துச்சு, நன்றி. மேல கோழிங்க இருக்கு. கிறிஸ்துமஸ் வருதுன்னு அதுங்களுக்குத் தெரியாது, அதுக்கும் நன்றி.”

மெல்லிய சிரிப்பு ஒன்று இருக்கைகளின் மேல் ஓடியது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். எல்லோருடைய முகத்தையும், ஒவ்வொன்றாக. இந்த முறை முகத்தோடு நிற்கவில்லை; மடிகளையும் பார்த்தார்.

“ஏறினவங்க...” என்று நிறுத்தினார். மறுபடி எடுத்தார். “கடைசி வரைக்கும் வந்தவங்களுக்காக நன்றி. நடுவழியில, உம்ம நிறுத்தத்துல இறங்கினவனுக்காகவும் நன்றி. அவன் எங்க வண்டியிலதான் வந்தான். எங்களோடதான் வந்தான்.”

“இன்ஜின் சத்தம் கேட்டா சிரிப்பான்,” என்றாள் டெலாலி. கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. “அழுதுக்கிட்டு இருந்தாலும் சிரிப்பான். அதையும் சொல்லுங்க.”

“இன்ஜின் சத்தத்துக்குச் சிரிச்சானே செலோம், அந்தச் சிரிப்புக்கு நன்றி.”

“அக்பே,” என்றாள் அவள், எங்கள் எல்லோருக்கும் முன்னால்.

“அக்பே,” என்றோம். நானும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. ஆனால் அது என் வாயிலிருந்து வந்தது, மற்றவர்களைப் பார்த்து ஒப்புக்கு வந்ததல்ல. கெர்சோன் லாரி டயரைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று அந்த நிமிடத்தில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

பின்சீட்டுப் பெண் ஒருத்தி தாளாமல் கோயில் பாட்டொன்றை எடுத்துவிட்டாள். அக்பெகோ கதவுத் தகரத்தில் தாளம் போட்டார். எங்கள் ஊர் போபோபோ ஆட்டத்தின் தாளம் அது; அதைக் கேட்டால் க்பாண்டோக்காரருக்குத் தோள் சும்மா இருக்காது. நிற்க இடமில்லாத வண்டிக்குள் உட்கார்ந்தபடியே தோள்கள் ஆடின. வெளியே நின்றிருந்தவர்கள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கல்யாணமா என்று ஒருவர் கேட்டார். பாட்டு முடிந்த பிறகும் யாருக்கும் இறங்க மனம் வரவில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. முதலில் இறங்கியவள் டெலாலி. அக்பெகோ கூரைமேல் ஏறி, அவளுடைய சட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். மூன்றாவது சட்டியை வாங்கியதும் அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த நெளிவு ஏத்தும்போது இல்லையே!”

“அது உன் சட்டியோட பிறந்த நெளிவும்மா!”

“பிறந்த நெளிவா? கண்ணைத் திறந்து பாருங்க, இப்பத்தான் சோபா விழுந்திருக்கு மேல!”

“சோபா சும்மா உக்காந்திருந்துச்சு. உன் சட்டிதான் போய் இடிச்சிருக்கும்!”

முன்சீட்டில் கெர்சோன் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜூலைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்து, தோள் குலுங்க, அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். வெளியே சண்டை இன்னும் முடியவில்லை.